ரோமின் தண்ணீர்க் கணக்கு

ரோம் என்றதும் பலருக்கும் கொலோசியமும் சீசரும் வாள்வீரர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் செக்ஸ்டஸ் ஜூலியஸ் ஃபிரான்டினஸ். கி.பி. 97-இல் பேரரசர் நெர்வா, ரோம் நகரத்தின் தண்ணீர் வழங்கலுக்கு அவரைத் தலைமைப் பொறுப்பாளராக நியமித்தார். பிரிட்டனில் ஆளுநராக இருந்து, இன்றைய வேல்ஸ் பகுதியில் படை நடத்தியவர் அவர். ரோமின் மிக உயர்ந்த பதவியான கான்சல் பதவியிலும் இருந்தவர். அப்படிப்பட்டவரிடம் வாய்க்காலையும் குழாயையும் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்கள். அவரும் அதைக் குறைவாக நினைக்கவில்லை.

பதவியேற்றதும் அவர் செய்த முதல் காரியம், என்ன வேலையை ஏற்றுக்கொண்டோம் என்று முழுதாகத் தெரிந்துகொண்டதுதான். கீழே இருப்பவர்கள் சொல்லிக்கொடுத்து ஒரு பதவியை ஓட்டுவதைப் போல அவமானம் எதுவும் இல்லை என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். ஒவ்வொரு கால்வாயும் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு தூரம் வருகிறது, அதில் எவ்வளவு தூரம் நிலத்துக்கு அடியில், எவ்வளவு தூரம் வளைவுகளின் மேல், எந்தத் தொட்டிக்கு எவ்வளவு தண்ணீர் என எல்லாவற்றையும் எண்களில் எழுதினார். இத்தனை தண்ணீரைச் சுமந்துவரும் இந்தக் கட்டுமானங்களோடு, எதற்கும் பயன்படாத பிரமிடுகளையும் கிரேக்கர்களின் பேர்பெற்ற படைப்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று நடுவில் ஓரிடத்தில் பெருமைப்பட்டுக்கொள்கிறார்.

நான் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலையில் பல வருடங்களாக இருப்பவன். ஃபிரான்டினஸின் கணக்குகளை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தபோது, 1,900 வருடங்களுக்கு முந்தைய ஒருவர் எழுதியதைப் படிக்கிறோம் என்ற எண்ணமே எழவில்லை. ரோமானியர்கள் உலகத்துக்கு விட்டுப்போனவற்றை எல்லாரும் பட்டியல் போடுவார்கள்: சாலை, காலண்டர், எழுத்து, செனட், கான்கிரீட். எல்லாம் சரிதான். ஆனால் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருவது அரசின் வேலை, வந்த தண்ணீரைக் காப்பதும் அரசின் வேலை என்பதைச் சட்டமாகவும் அலுவலகமாகவும் ஆட்களாகவும் நிறுத்திக் காட்டினார்களே, அதைத்தான் நான் அவர்களின் ஆகப் பெரிய சாதனை என்பேன்.

கி.மு. 312 வரை ரோம் நகரம் டைபர் ஆற்றையும் கிணறுகளையும் ஊற்றுகளையும் நம்பியே இருந்தது. அந்த ஆண்டு அப்பியஸ் கிளாடியஸ் என்ற அதிகாரி முதல் நீர்க் கால்வாயைக் கட்டினார். அப்பியன் சாலையைத் தொடங்கியவரும் அவர்தான். அந்தக் கால்வாய் 16 கிலோமீட்டர் நீளம், ஏறக்குறைய முழுவதும் மண்ணுக்கு அடியில். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக, கி.பி. 226-க்குள் 11 கால்வாய்கள் வந்துவிட்டன.

ரோமானியக் கால்வாய் என்றால் படங்களில் பார்க்கிற உயரமான வளைவுகள்தான் எல்லாருக்கும் தெரியும். கி.மு. 144-இல் தொடங்கிய அக்குவா மார்சியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த நீளம் 91 கிலோமீட்டர். அதில் 80 கிலோமீட்டர் நிலத்துக்கு அடியிலேயே வருகிறது. நகரத்தை நெருங்கும் கடைசிப் பகுதியில், மட்டம் குறையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் வளைவுகளின் மேல் ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த 80 கிலோமீட்டரில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. மண்ணைத் தோண்டி, கல்லால் கட்டி, உள்பக்கம் பூசி, மேலே மூடி, ஆட்கள் இறங்கிச் சுத்தம் செய்ய இடைவெளி விட்டு விட்டு ஆள்துளைகள் வைத்து, பிறகு மறுபடியும் மண் போட்டு மூடியிருக்கிறார்கள்.

உள்பூச்சு என்பது சுண்ணாம்போடு செங்கல் தூளைக் கலந்த காரை. நம் பழைய கொத்தனார்கள் சுர்க்கி என்று சொன்னது ஏறக்குறைய இதைத்தான். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் கட்டியதுதான். தண்ணீர் கசியாமல் நிற்க, சிமென்ட் வருவதற்கு முன்னால் மனிதர்கள் கண்டுபிடித்த நம்பகமான வழி அது.

மட்டம் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னைத் திகைக்க வைத்தது அதுதான். இந்தக் கால்வாய்களில் பம்பு கிடையாது. ஊற்றிலிருந்து நகரம் வரை தண்ணீர் தன் போக்கில் சரிந்து வர வேண்டும். சரிவு அதிகமானால் வேகத்தில் கால்வாய் அரிக்கும். குறைந்தால் தண்ணீர் தேங்கி வண்டல் சேரும். இன்றைய பிரான்சில் உள்ள நீம் நகரத்துக்குத் தண்ணீர் வந்த கால்வாய் 50 கிலோமீட்டர் நீளம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உயர வித்தியாசம் 13 மீட்டர்கூட இல்லை. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு சராசரியாக ஏறக்குறைய ஒரு சாண் இறக்கம். சில இடங்களில் அதைவிடவும் குறைவு. மலைச்சரிவுகளில் வளைந்து, பள்ளங்களைச் சுற்றி வரும் பாதை முழுக்க இந்த அளவு தப்பாமல் வர வேண்டும்.

அவர்கள் கையில் இருந்த கருவிகளில் ஒன்றை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் விவரிக்கிறார். 20 அடி நீளமுள்ள மரப்பலகை, இரண்டு பக்கமும் கால்கள், அவற்றில் தூக்குக்குண்டு தொங்கும் நூல்கள். காற்றில் நூல் ஆடினால், பலகையின் மேல் வெட்டியிருக்கும் பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்க வேண்டும். லென்ஸ் கிடையாது, குமிழ் மட்டம் கிடையாது. இதை வைத்துக்கொண்டு 50 கிலோமீட்டர். நவீன லெவல் கருவியோடு களத்தில் நின்றவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் முழுதாகப் புரியும். ஒரு பிழை நுழைந்தால் அது அடுத்த அளவுக்கும் அதற்கடுத்த அளவுக்கும் கூடிக்கொண்டே போகும்.

அந்தக் கால்வாய் கார்டன் ஆற்றைக் கடக்கும் இடத்தில்தான் போன்ட் டியு கார் என்ற மூன்று அடுக்குப் பாலம் நிற்கிறது. உயரம் 49 மீட்டர். கீழ் அடுக்குகளின் கற்களை இணைக்கக் காரை இல்லை. வெட்டிய பிசிறில்லாமல் ஒன்றோடு ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். சில கற்களின் எடை 6 டன். எந்தக் கல் எங்கே உட்கார வேண்டும் என்று செதுக்கிய குறிகள் இன்றும் தெரிகின்றன. சாரம் கட்டவும் தாங்கு சட்டம் நிறுத்தவும் வெளியே நீட்டிவிட்ட கற்களை வேலை முடிந்த பிறகு வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், பின்னால் பழுது பார்க்க உதவும் என்பதால். மேல்தளத்துக் கால்வாயின் சுவர்களில் சுண்ணாம்புப் படிவம் கல்லாகவே கெட்டியாகிப் படிந்து, வழியைக் குறுக்கியிருக்கிறது. பல நூறு வருடங்கள் அங்கே தண்ணீர் ஓடியதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இவ்வளவு துல்லியம் எல்லா இடத்திலும் முதல் தடவையிலேயே அமைந்துவிடவில்லை. இன்றைய அல்ஜீரியாவில் சால்டாயே என்ற ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு மலையைக் குடைந்தார்கள். இரண்டு பக்கமிருந்தும் குடைந்துவந்த குழுக்கள் நடுவில் சந்திக்க வேண்டும். சந்திக்கவில்லை. இரண்டும் தத்தம் வலது பக்கம் விலகி, தோண்டிய நீளம் மலையின் அகலத்தைத் தாண்டிவிட்டது. ஊரே நம்பிக்கை இழந்த நிலையில், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த நோனியஸ் டாட்டஸ் என்ற நில அளவையாளரை மறுபடி கூப்பிட்டார்கள். முதலில் மட்டம் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். போகும் வழியில் கொள்ளைக்காரர்கள் மடக்கி, துணியைப் பிடுங்கிக்கொண்டு அடித்துக் காயப்படுத்திவிட்டார்கள். எப்படியோ தப்பிப் போய்ச் சேர்ந்தார். தவறு எங்கே என்று கண்டுபிடித்தார். கடற்படை வீரர்களை ஒரு பக்கமும் மலைப் போரில் பழகிய துணைப்படையினரை மறுபக்கமும் நிறுத்தி, யார் முந்துவது என்று போட்டி மூட்டி, இரண்டு துளைகளையும் இணைத்தார். தண்ணீர் வந்தது.

இது எல்லாமே அவர் பொறித்துவைத்த கல்வெட்டில் இருக்கிறது. அதன் உச்சியில் மூன்று பெண் முகங்கள்: பொறுமை, உறுதி, நம்பிக்கை. வேலை எப்படிப் பிசகியது, தன் அளவு எப்படிச் சரியாக இருந்தது, யார் பார்த்துக்கொள்ளத் தவறினார்கள் என்று ஆளுநருக்குப் போன கடிதங்களோடு சேர்த்து விலாவாரியாகச் சொல்கிறார். பேரரசர்களின் வெற்றித் தூண்களைவிட இந்தக் கல்வெட்டின் மேல் எனக்கு மதிப்பு அதிகம். வேலை தெரிந்த ஒரு மனிதனின் கோபமும் பெருமையும் அதில் கலப்படம் இல்லாமல் இருக்கிறது.

கான்கிரீட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. நேப்பிள்ஸ் பக்கத்து எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கு அடியிலும் இறுகும் என்று கண்டுகொண்டார்கள். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் ரோமில் எழுந்த பாந்தியன் கோயிலின் குவிமாடம் 43 மீட்டருக்கும் மேல் அகலம், உள்ளே ஒரு இரும்புக் கம்பி கிடையாது. அடியில் கனமான கல், மேலே போகப்போக லேசான கல், உச்சிக்கு அருகில் நுரைக்கல் எனச் சல்லியைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றும் அதுவே உலகில் பெரியது.

சரி, தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதில்தான் ஃபிரான்டினஸ் நமக்கு மிக நெருக்கமானவர் ஆகிறார்.

தனி வீட்டுக்குத் தண்ணீர் வேண்டுமானால் பேரரசரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைத்தால், விநியோகத் தொட்டியின் சுவரில் குறிப்பிட்ட அளவுள்ள வெண்கலக் குழல் ஒன்றைப் பதிப்பார்கள். வெண்கலம் ஏன் என்றால், ஈயத்தைப் போல அதை லேசில் அகட்ட முடியாது. அளவு சரிதான் என்று அதில் முத்திரை குத்த வேண்டும். அந்த அனுமதி அந்த ஆளுக்கு மட்டும்தான். வீட்டை விற்றால் வாங்கியவருக்குப் போகாது, இறந்தால் பிள்ளைக்கும் போகாது. புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

விதி இப்படி இருக்க, நடந்தது என்ன? ஃபிரான்டினஸ் போய்ப் பார்த்தால் அனுமதித்ததைவிடப் பெரிய குழல்கள், முத்திரையே இல்லாத குழல்கள். உரிமை புதியவருக்கு மாறும்போது தண்ணீர்க்காரர்கள் தொட்டியில் புதுத் துளை போட்டுவிட்டு, பழைய துளையை அடைக்காமல் தங்கள் வசம் வைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரை விற்றிருக்கிறார்கள். கால்வாய் ஓரத்து நிலக்காரர்கள் சுவரை உடைத்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சியிருக்கிறார்கள். தெருக்களில் பாவிய கல்லுக்கு அடியில் ரகசியக் குழாய்கள் ஓடின. அவற்றைத் தோண்டி எடுத்தபோது கணிசமான ஈயம் மிஞ்சியதாக எழுதுகிறார். மெயின் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதைப் பிடித்த அனுபவம் உள்ள எந்த இன்ஜினியருக்கும் அந்தப் பக்கங்கள் அன்றாட வேலைக் குறிப்புப் போலவே இருக்கும்.

அவர் அதோடு விடவில்லை. பராமரிப்புக்கு 700 பேர் இருந்தார்கள்: மேற்பார்வையாளர்கள், தொட்டிக் காவலர்கள், கண்காணிப்பாளர்கள், கல் பாவுபவர்கள், பூச்சு வேலைக்காரர்கள். இவர்களைத் தனியார் வேலைக்கு இழுத்துக்கொண்டிருந்ததை நிறுத்தி, நாளைக்கு யார் என்ன செய்ய வேண்டும் என்று முந்தின நாளே எழுதிக் கொடுக்கவும், அன்றன்று செய்ததைப் பதிவு செய்யவும் ஏற்பாடு செய்தார். பழுது வேலையைக் கோடையில் செய்யக் கூடாது, தண்ணீர் அதிகம் தேவைப்படும் காலம் அது. வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ, எல்லாவற்றையும் முன்கூட்டியே தயார் செய்துகொண்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கால்வாயை மட்டும் நிறுத்த வேண்டும். ஊற்றுகளுக்கும் வளைவுகளுக்கும் இரண்டு பக்கமும் 15 அடிக்கு மரமோ கட்டடமோ கூடாது, வேர் புகுந்து சுவரைப் பிளக்கும். கால்வாயை வேண்டுமென்றே சேதப்படுத்தினால் 1,00,000 செஸ்டர்ஸ் நாணயம் அபராதம் என்று கி.மு. 9-இலேயே சட்டம் இருந்தது.

அந்த 700 பேரும் அடிமைகள். இதைச் சொல்லாமல் ரோமின் பெருமையைப் பேசுவது நேர்மை ஆகாது. இரண்டாவது கால்வாயைக் கட்டிய பணம் பிர்ரஸ் மன்னனுடன் நடந்த போரில் கிடைத்த கொள்ளைப் பணம். பணக்காரர் வீட்டுக்குள் குழாய் போனது, மாடிக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்கள் தெருத் தொட்டியிலிருந்து சுமந்துதான் போனார்கள். ஆனாலும் அந்தத் தெருத் தொட்டி இருந்தது, இலவசமாக இருந்தது, இரவும் பகலும் தண்ணீர் ஓடியது. அகஸ்டஸின் நண்பர் அக்ரிப்பா கி.மு. 33-இல் ஒரே வருடப் பதவிக்காலத்தில் 700 தொட்டிகளையும் 500 நீரூற்றுகளையும் அமைத்தார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி கணக்குச் சொல்கிறார். பொம்பெயி போன்ற சின்ன ஊரிலேயே ஏறக்குறைய 40 தெருத் தொட்டிகள் இருந்தன. பெரும்பாலான வீடுகளிலிருந்து நாலு எட்டு வைத்தால் ஒன்று வந்துவிடும். அந்தத் தொட்டிகளின் கல் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து குழிந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மக்கள் ஒரு கையை அங்கே ஊன்றி, குனிந்து தண்ணீர் பிடித்ததால் வந்த தேய்மானம்.

மேற்கில் பேரரசு விழுந்த பிறகும் கால்வாய்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கி.பி. 537-இல் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தவர் ரோமை முற்றுகையிட்டபோதுதான் அவற்றை வெட்டினார்கள். நகரத்தைக் காத்த தளபதி பெலிசாரியஸ், எதிரி உள்ளே நுழைந்துவிடக் கூடாதென்று கால்வாய்களின் வாயைக் கல் வைத்து அடைத்தார். தண்ணீர் நின்றதும் ஜனிக்குலம் குன்றில் கால்வாய் நீரால் சுழன்ற மாவு ஆலைகளும் நின்றுபோயின. அவர் டைபர் ஆற்றில் படகுகளைக் கட்டி, இடையில் சக்கரம் வைத்து, ஆற்று ஓட்டத்தில் மாவு அரைக்க வைத்தார். நகரத்து ஜனத்தொகை அதன் பிறகு சுருங்கி, மக்கள் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த பகுதிகளில் ஒதுங்கினார்கள். குன்றுகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் குன்றுகளில் ஊர் இல்லை.

அக்ரிப்பா கி.மு. 19-இல் கட்டிய விர்கோ கால்வாய் மட்டும், பெரும்பாலும் நிலத்தடியில் இருந்த காரணத்தால், ஓரளவு பிழைத்தது. போப் ஐந்தாம் நிக்கோலஸ் 1453-இல் அதைப் புதுப்பித்தார். 1762-இல் முடிந்த டிரெவி நீரூற்றுக்கு அந்தக் கால்வாயின் தண்ணீர்தான் வந்தது.

கல்லும் காரையும் இப்படித் தேய்ந்தும் பிழைத்தும் வந்தபோது, சட்டம் வேறு வழியில் பயணம் செய்தது. கோத்துகள் கால்வாயை வெட்டியதற்கு நான்கே வருடங்களுக்கு முன், 533-இல், கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் பேரரசர் ஜஸ்டினியன் ரோமானியச் சட்டங்களைத் தொகுத்து வெளியிட்டார். அதில் ஒரு வரி: இயற்கையின் நியதிப்படி காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை எல்லாருக்கும் பொதுவானவை. இத்தாலியின் போலோனியாவில் 11-ஆம் நூற்றாண்டு முதல் அறிஞர்கள் இந்தத் தொகுப்பை வரிவரியாகப் படித்து விளக்கம் எழுதினார்கள். அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. டச்சுக்காரர்களின் கப்பலில் இலங்கைக்கும் வந்தது. ரோமன்-டச்சுச் சட்டம் இன்றும் அந்நாட்டின் பொதுச் சட்டமாக நடைமுறையில் இருக்கிறது.

அந்த ஒரு வரி அமெரிக்காவிலும் வேர்விட்டது. சிகாகோ ஏரிக்கரையை ஒட்டி நீருக்கு அடியில் இருந்த நிலத்தை ஒரு ரயில்வே கம்பெனிக்கு மாநிலம் தாரைவார்த்தது செல்லாது என்று 1892-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு அந்த நீருக்கு உரிமையாளர் இல்லை, மக்கள் சார்பில் அதை வைத்திருக்கும் அறங்காவலர் என்பது வாதம். இமாசலப் பிரதேசத்தில் ஒரு விடுதி பியாஸ் ஆற்றின் போக்கையே திருப்பிய வழக்கில், நம் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் இதே கொள்கையை எடுத்துக்கொண்டது. இந்தக் கொள்கையை வளர்த்தது பண்டைய ரோமப் பேரரசு என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். விடுதிக்குக் கொடுத்த குத்தகை ரத்தானது. இலங்கை உச்ச நீதிமன்றமும் 2000-இல் எப்பாவல பாஸ்பேட் சுரங்க வழக்கில், இயற்கை வளங்களுக்கு அரசு ஒரு காப்பாளர் என்ற அடிப்படையில் விவசாயிகள் பக்கம் நின்றது.

எனக்கு இவற்றில் மிக முக்கியமாகப் படுவது 2006-இல் வந்த திருப்பதி வழக்கு. அவிலாலா, பேரூரு என்ற இரண்டு ஏரிகளின் நிலத்தை வீடு கட்டக் கொடுத்துவிட்டிருந்தார்கள். ஏரி, குளம் எல்லாம் அரசு மக்களுக்காக வைத்திருப்பவை, அவற்றை இஷ்டத்துக்குக் கைமாற்ற முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஏற்கெனவே எழுந்துவிட்ட வீடுகளை இடிக்கச் சொல்லவில்லை. அது எனக்கு ஏமாற்றம்தான், ஆனால் பேரூரு ஏரியைப் பொறுத்தவரை உத்தரவு தெளிவாக இருந்தது: இனிமேல் அங்கே கட்டடம் கூடாது, ஏரிக்குத் தண்ணீர் வரும் வரத்து வாய்க்காலைச் சுத்தம் செய்து மறுபடி ஓடவிட வேண்டும்.